தக்காளி வாங்கப் பாஸ்போர்ட்: ஆகன் நாட்குறிப்பு

2024 அக்டோபர் 6, ஞாயிறு

வெங்காயம் இல்லை, தக்காளி இல்லை, தயிர் இல்லை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. நேற்று முழுவதும் பழைய கட்டில் ஒன்றைப் பிரித்து, தூக்கி வந்து, திரும்ப மாட்டுவதிலேயே போய்விட்டது. மூன்றாம் மாடியில் இருக்கும் மதுரைக்கார அக்காவிடம் இரண்டு வெங்காயம் கேட்கலாம் என்று போனேன்.

"எதுக்குடி கடன்? பையை எடு. பாஸ்போர்ட்டையும் எடு. வால்ஸுக்குப் போய் வாங்கிட்டு வந்துடலாம்" என்றார்.

வால்ஸ் நெதர்லாந்தில் இருக்கிறது. நான் படிக்க வந்திருக்கும் ஆகன் ஜெர்மனியின் மேற்கு எல்லையோர நகரம். இங்கே நகரப் பேருந்தில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள். அங்கே சூப்பர்மார்க்கெட்டுகள் ஞாயிறும் திறந்திருக்கும். அதனால் ஞாயிறு ஆனால் ஆகன்காரர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள் போல. எல்லை என்று ஏதோ இருக்கும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் தெரியவில்லை. வண்டிகளின் நம்பர் பிளேட் மட்டும் மஞ்சளாகிவிட்டது, போனில் "நெதர்லாந்துக்கு நல்வரவு" என்று ஒரு செய்தி வந்தது.

ஆல்பர்ட் ஹெய்ன் கடையில் நம்மூர் நீளப் பயறங்காய் கிடைத்தது. ஜெர்மன் கடையில் இதைக் கண்ணால் பார்த்ததில்லை. நெதர்லாந்துக்காரர்கள் தென் அமெரிக்காவில் இருக்கும் சூரினாமை ஆண்டவர்கள், அங்கே கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுபோனவர்கள். அந்தக் குடும்பங்களில் நிறையப் பேர் பிறகு இங்கே வந்துவிட்டார்கள், காயும் கூடவே வந்துவிட்டது.

திரும்பும்போதுதான் பாஸ்போர்ட் எதற்கு என்று புரிந்தது. செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்திருக்கிறது. இரண்டு போலீஸ்காரர்கள் பேருந்தில் ஏறினார்கள். எல்லோரிடமும் கேட்கவில்லை, எங்களிடம் கேட்டார்கள். ஒருவர் விசா பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடியில் இருந்த பயறங்காய்க் கட்டைப் பார்த்தார், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அக்கா காதிலிருந்து இயர்போனைக் கழற்றக்கூட இல்லை.

2024 அக்டோபர் 9, புதன்

ஆயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கத்தில் வகுப்பு. கட்டடத்தின் பெயர் கார்ல். ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்னால் இந்த ஊரைத் தலைநகர் போல வைத்திருந்த சார்லமேன் பேரரசரை ஜெர்மன்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பேராசிரியர் முடித்ததும் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள். இங்கே கைதட்டல் கிடையாது, இதுதான். நானும் தட்டினேன். எங்கள் கல்லூரியில் இப்படித் தட்டியிருந்தால் துறைத்தலைவர் அறைக்குப் போக வேண்டியிருந்திருக்கும்.

2024 அக்டோபர் 15, செவ்வாய்

காலி பாட்டில் விவகாரம். தண்ணீர், கோலா எது வாங்கினாலும் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 25 சென்ட் முன்பணம் சேர்த்துத்தான் பில் போடுகிறார்கள். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். காலியைக் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் சீட்டு வரும், அதைக் காட்டினால் பில்லில் கழித்துக்கொள்வார்கள். இதுவரை சரி.

வால்ஸில் வாங்கிய பாட்டிலை இங்கே போட்டால் மெஷின் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிடுகிறது. நெதர்லாந்தில் சின்ன பாட்டிலுக்கும் டின்னுக்கும் 15 சென்ட், பெரியதற்கு 25. அந்தக் காசு அங்கே போனால்தான் கிடைக்கும். போலீஸ்காரருக்காவது சந்தேகம் வந்தால்தான் கேட்பார், இந்த மெஷின் ஒவ்வொரு பாட்டிலிடமும் குடியுரிமை கேட்கிறது. இப்போது எங்கள் பால்கனியில் ஜெர்மனிக்கு ஒரு சாக்கு, நெதர்லாந்துக்கு ஒரு சாக்கு. பக்கத்து அறை மலையாளத்துப் பெண் மூன்றாவதாக பெல்ஜியத்துக்கும் ஒன்று வைக்கலாமா என்று கேட்டாள். அங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் முன்பணம் வாங்குவதில்லை, அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

2024 அக்டோபர் 27, ஞாயிறு

நேற்று இரவு மூன்று மணியை இரண்டு மணியாக்கினார்கள். இந்தியாவுக்கும் எங்களுக்கும் இருந்த மூன்றரை மணி நேரம் இன்று முதல் நாலரை. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "அதெப்படி அவங்க இஷ்டத்துக்கு மாத்துவாங்க? நான் சீரியல் முடிஞ்சு கூப்பிடற நேரத்துக்கு நீ கிளாஸ்ல இருப்பியே?" இதில் என்னைக் கோபித்து என்ன பயன். மார்ச் கடைசி ஞாயிறு பழையபடி ஆகிவிடும் என்று சொல்லிவைத்தேன்.

2024 அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிக்க நல்லெண்ணெய் வேண்டும். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் இருப்பது வறுத்த எள்ளின் எண்ணெய், நூடுல்ஸில் ஊற்றுவது. அதைத் தலையில் வைத்தால் நாள் முழுக்கச் சீன உணவகத்து வாசனையோடு திரிய வேண்டும். ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குப் போனேன்.

"நல்லெண்ணெய் முடிஞ்சுது பிள்ளை. வெள்ளிக்கிழமை வேற பூட்டு. இனிச் சனிக்கிழமைதான் சாமான் வரும்" என்றார். நவம்பர் 1 இந்த மாநிலத்தில் விடுமுறை, எல்லாப் புனிதர்களுக்குமான நாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொறுங்கோ" என்று உள்ளே போய் அரைப் போத்தல் எடுத்துவந்தார். வீட்டுப் போத்தலாம். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

கடையில் வேறு ஆள் இல்லை. சும்மா பேச்சுக்கு, போன வாரமும் வால்ஸ் பஸ்ஸில் பாஸ்போர்ட் பார்த்தார்கள் என்றேன். சிரித்தார். ஐயா இந்த நாட்டுக்கு வந்தது 1984இல். எப்படி வந்தார் என்று கேட்டதற்கு அரை மணி நேரம் சொன்னார்.

அப்போது பெர்லின் இரண்டாக இருந்தது. கொழும்பிலிருந்து மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின். மேற்கே போகிறவர்கள் என்றால் கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் இடைவழிப் பயணி என்று விட்டுவிடுவார்கள். அவர்களுக்குப் பயணச்சீட்டுக் காசு வெளிநாட்டுப் பணமாக வந்தால் போதும். ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ நிலையத்தில் ரயில் ஏறினால் சில நிமிடங்களில் மேற்கு பெர்லின். அந்தப் பக்கம் சோதனை இல்லை. ஏன் இல்லை என்றால், பெர்லினுக்குக் குறுக்கே இருப்பதை எல்லை என்றே மேற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே பாஸ்போர்ட் பார்த்தால் அது எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா! 1983 கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். 1985இல் மேற்கு அழுத்தம் கொடுத்து விசா இல்லாதவர்களைக் கிழக்கிலேயே நிறுத்த வைத்ததும் கதவு அடைபட்டது.

"உலகத்திலயே பெரிய மதில் பிள்ளை. சுட்டுப்போடுவான். நாங்கள் ரெயிலில இருந்துகொண்டு வந்தனாங்கள்" என்றார். அப்புறம் கறிவேப்பிலை வேண்டுமா என்று கேட்டார்.

2024 நவம்பர் 1, வெள்ளி

நேற்று காலை ஐந்தரைக்கு எண்ணெய்க் குளியல், எட்டரைக்கு வகுப்பு. வெடி இல்லை. இங்கே வெடி விற்பதே வருடக் கடைசி மூன்று நாட்கள்தான், வெடிப்பது புத்தாண்டு இரவுக்கு மட்டும். இன்று விடுமுறை. அக்கா வீட்டில் வடையும் மலையாளத்துப் பெண்ணின் பாயசமும். நிறையத் தூங்கினேன்.

2024 நவம்பர் 11, திங்கள்

காலை 11 மணி 11 நிமிடத்துக்கு, வேடம் போட்டுக் கொண்டாடும் கார்னிவல் பருவம் தொடங்குகிறது. வகுப்பில் என் முன்வரிசையில் ஒரு தேனீ, இரண்டு கடற்கொள்ளைக்காரர்கள். பேராசிரியர் தேனீயைப் பார்த்தே வெப்பக் கடத்தலை விளக்கிக்கொண்டிருந்தார், தேனீயும் மும்முரமாகக் குறிப்பெடுத்தது.

மாலையில் வேறு காட்சி. இன்றே புனித மார்ட்டின் நாளும். சின்னப் பிள்ளைகள் தாங்களே ஒட்டிய காகித விளக்கைக் குச்சியில் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டு தெருவில் போனார்கள், முன்னால் ஒருவர் குதிரையில். ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் இதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

2024 நவம்பர் 24, ஞாயிறு

மழை இல்லை, அதனால் நடந்தோம். வால்ஸிலிருந்து காட்டு வழியாக மேலே ஏறினால் மூன்று நாடுகள் சந்திக்கும் இடம். மலை என்கிறார்கள். 322 மீட்டர். ஐரோப்பாவில் இருக்கும் நெதர்லாந்துக்கு இதுதான் உச்சி என்பதால் மலை என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் குற்றாலத்துப் பக்கம்தான் சொந்த ஊர்.

ஒரு கல்லைச் சுற்றி வந்தால் மூன்று நாடு. எல்லோரும் செய்வதுபோல் நாங்களும் ஆளுக்கொரு நாட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அப்புறம் அக்கா சொன்னதுதான் சுவாரசியம். நூறு வருடங்களுக்கு முன் இது நான்கு நாடுகள் சந்திக்கும் இடமாம். நான்காவதன் பெயர் நடுநிலை மொரெஸ்நெட்.

நெப்போலியன் தோற்றபின் எல்லை பிரிக்க உட்கார்ந்தபோது, இங்கே கீழே இருந்த துத்தநாகச் சுரங்கம் அப்போதைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்கும் வேண்டும், நெதர்லாந்துக்கும் வேண்டும். 1816இல் ஆளுக்குப் பாதி என்று கூட வெட்டாமல், சுரங்கத்தைச் சுற்றி மூன்றரைச் சதுர கிலோமீட்டரை யாருக்கும் சொந்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். பிறகு பெல்ஜியம் பிரிந்ததும் நெதர்லாந்தின் பங்கு அதற்குப் போனது. சில நூறு பேர் இருந்த ஊர் சில ஆயிரமாகப் பெருகியது. 1885இல் சுரங்கம் தீர்ந்துபோனது. பிழைக்க வழி வேண்டுமே, சூதாட்ட விடுதி வைத்துப் பார்த்தார்கள். 1908இல் அங்கிருந்த ஒரு மருத்துவர் இதை, உலகத்துக்கே பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழி பேசும் நாடாகவே ஆக்கிவிடலாம் என்று கிளம்பினார். கொடி, பாட்டு வரைக்கும் போயிருக்கிறார்கள். முதல் உலகப்போர் வந்தது. 1920இல் பெல்ஜியம் எடுத்துக்கொண்டது, கதை முடிந்தது.

எனக்கு அந்த மருத்துவரை ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு சுரங்கத்துக்காகப் போட்ட கோட்டில் நூறு வருடம் ஒரு நாடு ஓடியிருக்கிறது என்றால், அவர் ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

பெல்ஜியம் பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி, நெதர்லாந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம்.

2024 டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். அகல் இல்லை, டப்பாவில் வரும் சின்ன மெழுகு விளக்குகளை ஜன்னலில் வரிசையாக வைத்தேன். எதிர்வீட்டுப் பாட்டி கிறிஸ்துமஸுக்கு என்று நினைத்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

திங்கள் முதல் நெதர்லாந்தும் தன் பக்கம் சோதனை தொடங்கியிருக்கிறது. இனிப் போகும்போதும் வரும்போதும்.

2025 பிப்ரவரி 18, செவ்வாய்

தேர்வுகள் நடக்கின்றன. ஒரே தாளில் மூன்று முறை தோற்றால் படிப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்பதால் நூலகத்தில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. முதல் தாள் முடிவு வந்தது, 1.7. அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எத்தனைக்கும்மா?" என்று மெதுவாகக் கேட்டார். இங்கே 1.0தான் முதல் மதிப்பெண், 4.0 வரை தேறலாம் என்று விளக்கியதும் அம்மாவிடம், "ஏ, நல்ல மார்க்குதானாம்!" என்று கத்தியது இங்கே கேட்டது.

வதிவிட அட்டையும் வந்துவிட்டது, ஏடிஎம் கார்டு அளவில். இனிப் பாஸ்போர்ட்டைச் சுமக்க வேண்டாம் என்று குதித்தேன். அக்கா உட்கார வைத்தார். எல்லை தாண்டும்போது அட்டை, பாஸ்போர்ட் இரண்டும் வேண்டுமாம். சுமை கூடியதுதான் மிச்சம்.

2025 பிப்ரவரி 27, வியாழன்

ஆய்வகத்தில் பகுதிநேர வேலை. வெட்டுக்கருவிகளின் தேய்மானத்தை நுண்ணோக்கியில் அளப்பது. இன்று கார்னிவலில் பெண்கள் நாள்: கத்தரிக்கோலோடு திரிந்து ஆண்களின் டையை வெட்டலாம். வழக்கமாக டையே கட்டாத எங்கள் குழுத்தலைவர் இன்று ஒரு அசிங்கமான பழைய டையோடு வந்திருந்தார். வெட்டுவதற்கென்றே. நான்தான் வெட்டினேன். கத்தரிக்கோல் மொக்கை, தேய்மானம் அளக்கலாமா என்று கேட்டார்.

2025 ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை சித்திரை ஒன்று, வகுப்பு இருக்கிறது. அதனால் இன்றே ஹாம் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். ஆகனில் ஏறினால் கொலோன், டுசல்டோர்ஃப், எசன், டார்ட்மண்ட் எல்லாம் தாண்டி அதே வண்டி ஹாம் வரை போகிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரம். மாணவர் டிக்கெட்டிலேயே போகலாம்.

முந்தாநாள் கடைக்கார ஐயாவிடம் போகிறோம் என்று சொன்னதும் ஒரு தாளில் அவருடைய அம்மாவின் பெயர், நட்சத்திரம், பிறகு இரண்டு பேரப்பிள்ளைகளுடையது என்று எழுதிக் கொடுத்தார். பத்து யூரோவும் வைத்தார். அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, சாவகச்சேரியில் இருக்கிறார்.

கோயில் தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் கிடங்குகள், லாரிகள், நடுவில் திடீரென்று கோபுரம். 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில், கட்டியவர்கள் ஈழத்தமிழர்கள். கோடையில் தேர் இழுக்கும் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருமாம். பக்கத்தில் ஓடும் கப்பல் கால்வாய்தான் அம்மனுக்குத் தீர்த்தம். உள்ளே நுழைந்ததும் கற்பூர வாசனையில் மலையாளத்துப் பெண் அழுதுவிட்டாள். அவள் கோயிலுக்கே போகிற ஆள் இல்லை.

குருக்களிடம் தாளை நீட்டினேன். சாவகச்சேரி அம்மாவின் பெயரை வாசித்தபோது கொஞ்சம் நிறுத்தி, "நீங்கள் பேத்தியோ?" என்று கேட்டார். இல்லை, எண்ணெய் கொடுத்தவரின் அம்மா என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

சாப்பாடு போட்டார்கள். திருநீற்றை மூன்று பேருக்கும் தனித்தனிப் பொட்டலமாக வாங்கிப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். நாளை வகுப்பு நாலு மணிக்கு முடியும், கடை ஏழு வரைக்கும் இருக்கும். கொடுத்துவிட்டு அப்படியே மாங்காயும் வேப்பம்பூவும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.