பாலர் பள்ளிக்குப் போகாமல் முதலாம் ஆண்டு வரை

மகள் முதலாம் ஆண்டில் சேர்ந்துவிட்டாள். அதற்கு முன் அவள் பாலர் பள்ளியில் ஒழுங்காகப் படித்ததில்லை, வீட்டில்தான் படித்தாள். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இந்த விஷயமெல்லாம் மறைந்து நிற்காது. பசாரில் மீன் வாங்கும்போதும் கோயில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் யாராவது ஒரு அம்மா கேட்கிறார்: "வீட்லயே எப்படிக்கா சொல்லிக் குடுத்தீங்க?" நின்ற வாக்கில் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

நாங்கள் கொள்கைக்காக இதைச் செய்யவில்லை. கணவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்டு வேலை, வீட்டில் ஒரே மோட்டார் சைக்கிள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் உள்ள அரசாங்கப் பாலர் வகுப்பில் 25 பேருக்குத்தான் இடம். எங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலிலேயே கிடந்தது. சரியென்று ஒரு தனியார் பாலர் பள்ளியில் சேர்த்தோம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதும் வீட்டுப்பாடம். எழுதி முடிக்காத பிள்ளைகள் மற்றவர்கள் விளையாடும் நேரத்திலும் உட்கார்ந்து எழுத வேண்டும். காலையில் சப்பாத்து போடும்போதே அழத் தொடங்கிவிடுவாள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டோம்.

பயமாக இருந்தது என்னவோ உண்மை. இது சட்டத்துக்கு விரோதமா என்றுகூட கணவர் கேட்டார். நம் நாட்டில் 2003-லிருந்து ஆரம்பப்பள்ளிக் கல்வி கட்டாயம். நாங்கள் தொடங்கியபோது பாலர் கல்வி அந்தக் கட்டாயத்துக்குள் வரவில்லை, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆரம்பப்பள்ளி வயது வந்தபிறகும் வீட்டிலேயே வைத்துக்கொள்வதென்றால் கல்வி அமைச்சின் விலக்கு வேண்டும், அது வேறு கதை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் பிள்ளையின் ஆண்டுக்கு என்ன விதி என்று பள்ளி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எனக்குத் தைரியம் தந்தது என் மாமியார். அத்தை ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. அதற்குக் கீழே உள்ள வாண்டுகள் ஆயாக்கொட்டகையில்தான், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்தான், கிடந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகும் வழியில் அம்மாமார் தூங்குகிற பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போவார்கள். அத்தை வயசுப் பெண்ணாக இருந்தபோது அந்தக் கொட்டகையில் ஆயாவுக்குக் கையாளாக இருந்தவர். ஏணை ஆட்டிக்கொண்டே பாட்டு, கைதட்டி விளையாட்டு, நரிக்கதை, சண்டையை விலக்குவது, மூக்கைத் துடைப்பது. புத்தகம் என்று ஒன்று கிடையாது. "பேசாத பிள்ளை படிக்காது. மொதல்ல வாயைத் தொறக்க வையி" என்றார்.

நான் அப்போது அமைச்சின் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தை இறக்கி வைத்திருந்தேன், 2017-இல் திருத்தியது. பயந்துபோய்த் திறக்காமல் வைத்திருந்த அந்த ஆவணமும் இதையேதான் சொல்கிறது: மொழியில் முதலில் கேட்டல், பேச்சு, பிறகு வாசிப்பு, அதற்கப்புறம் எழுத்து. ஆறு பிரிவுகளில் மொழி ஒன்றுதான். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, உடல் வளர்ச்சி, கலை, நன்னெறி எல்லாம் அதே வரிசையில் நிற்கின்றன. இதைப் பார்த்தபிறகு எழுத்து அட்டையைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன்.

அந்த முதல் வருடம் முழுக்கப் பேச்சுதான். அத்தை கீரை ஆயும்போது மகள் பக்கத்தில் இருப்பாள். "இது என்ன நிறம், சொல்லு" என்று அத்தை ஒருநாளும் பரீட்சை வைத்ததில்லை. "இந்தத் தண்டு முத்திப்போச்சு, வேணாம். இது இளசு, உடைச்சுப் பாரு" என்று தன்பாட்டுக்குப் பேசுவார். ராத்திரி கணவர் வந்ததும் அன்று நடந்ததை மகள் அவரிடம் சொல்ல வேண்டும், இது மட்டும் நான் வைத்த விதி. தொடக்கத்தில் "பூனை வந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். போகப்போக முதலில் என்ன, அப்புறம் என்ன, ஏன் என்று கதையாக வரத் தொடங்கியது. பிற்பாடு வாசிப்பு சுலபமாக வந்ததற்கு எந்தப் பயிற்சிப் புத்தகத்தையும்விட இதைத்தான் காரணமாகச் சொல்வேன்.

எழுதுவதை அவசரப்படுத்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சின்னப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன, வருடக்கணக்கில்தான் ஒவ்வொன்றாக எலும்பாகின்றன. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து மூன்று பக்கம் எழுதச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும். அதனால் கைக்கு வேறு வேலை கொடுத்தேன். சின்ன வெங்காயம் உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, கொடியில் துணிக் கிளிப் மாட்டுவது, பழைய செய்தித்தாளைக் கோட்டோடு கிழிப்பது, சாமிக்குப் பூக்கோர்ப்பது. பூவில் பாதி நசுங்கிப் போகும், சாமி ஒன்றும் சொல்லவில்லை.

எழுத்துக்கு வந்தபோது அ-வில் தொடங்கவில்லை. அ-வை எழுதிப் பாருங்கள்: சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்க்கோடு எல்லாம் அந்த ஒரே எழுத்தில் வந்துவிடுகிறது. ட-வுக்கு இரண்டு கோடு போதும், ப-வுக்கு மூன்று. அப்புறம் ம. இந்த மூன்றோடு புள்ளியைச் சேர்த்தால் படம், பட்டம், மட்டம், மடம் என்று வார்த்தைகள் வந்துவிடும். த-வும் காலும் தெரிந்ததும் மாமா, பாப்பா, தாத்தா. வீட்டு ஆட்களின் பெயரை வாசிக்க முடிகிறது என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த குஷி சொல்லி முடியாது, குளிர்பெட்டிக் கதவு முழுக்கத் தாத்தாதான்.

தமிழ் எழுத்து 247 என்றதும் மலைக்கிறோம். அதில் 216 உயிர்மெய்தான். கால், கொம்பு, சுழி இவற்றின் வேலை புரிந்துவிட்டால் பெரும்பகுதி தானாக நகரும். கு, சு, டு, து என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும் உகர, ஊகார வரிசையை மட்டும் கடைசிக்குத் தள்ளினேன்.

உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி விரலால் தடவச் செய்வது மாண்டிசோரி அம்மையாரின் முறை. 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் பள்ளி தொடங்கியவர், 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். அவர் பெயரில் விற்கும் மரச்சாமான்களின் விலையைக் கேட்டு நான் வாங்காமல் வந்துவிட்டேன். ஹார்ட்வேர் கடை உப்புத்தாளும் பழைய காலண்டர் அட்டையும் அந்த வேலையைச் செய்துவிட்டன. தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதுவதோ நமக்குப் பழைய சங்கதி, விஜயதசமிக்குக் கோயிலில் செய்வதுதானே. அதைத் தினசரி வேலையாக்கிக்கொண்டோம். அரிசியைத் தரையில் கொட்டினால் அவளே பெருக்க வேண்டும்.

மலாய்க்கு நான் ஆசிரியர் இல்லை, பக்கத்து வீட்டு மக்சிக்தான், அந்த மலாய்க்கார அம்மா. காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்பார். மகளிடம் காசைக் கொடுத்து அனுப்பி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என்ன வேண்டும், எத்தனை, சம்பால் வேண்டுமா என்று அவரும் பொறுமையாகக் கேட்பார். வாய்ப்பேச்சு ஓரளவு வந்தபிறகுதான் பா-ஜு, பு-கு, கா-கி என்று அசை அசையாக வாசிக்க வைத்தேன். மலாய் பெரும்பாலும் எழுதியபடியே ஒலிப்பதால் அது சீக்கிரம் பிடிபட்டது. ஆங்கிலத்தை அந்த வருடம் பாட்டோடும் படப்புத்தகத்தோடும் நிறுத்திக்கொண்டேன். அதே ரோமன் எழுத்துகள் இரண்டு மொழியிலும் வேறுவேறு ஒலி தருகின்றன. சி என்ற எழுத்து மலாயில் எப்போதும் ச், ஆங்கிலத்தில் பெரும்பாலும் க். ஒன்று உறைக்கும் முன் மற்றதைப் போட்டால் இரண்டும் குழம்பும். மூன்று மொழியையும் ஒரே நாளில் மூன்று பாடமாக நடத்தும் அம்மாக்களை எனக்குத் தெரியும், அவர்கள் கெட்டிக்காரர்கள். எனக்கு அந்தத் தெம்பில்லை.

கணக்குக்குப் பால்மரக்கொட்டை. ஊரைச் சுற்றிப் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, என்றாலும் சிறுதோட்டங்கள் அங்கங்கே மிச்சம் இருக்கின்றன. காய் வெடிக்கும் பருவத்தில் போனால் பை நிறையப் பொறுக்கலாம். ஒரு காய்க்குள் மூன்று கொட்டை, ஒரு காம்பில் மூன்று இலை. மூன்று மூன்றாக எண்ணுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? பத்து முட்டை அடைத்து வரும் பெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டோம். ஒரு குழிக்கு ஒரு கொட்டை. ஏழு போட்டால் மூன்று குழி காலி. கூட்டல் கழித்தல் என்று பெயர் சொல்லாமலே பத்துக்குள் எல்லாக் கணக்கும் அந்தப் பெட்டியில் முடிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: பச்சையான பால்மரக்கொட்டையில் சயனைடு உண்டாக்கும் நச்சு இருக்கிறது. எண்ணி முடித்ததும் மூடி, எட்டாத உயரத்தில் வைத்துவிடுவேன். அடுத்தவன், என் மகன், எதையும் வாயில் போடும் வயசு. வாயில் போடும் பிள்ளை இருக்கும் வீட்டில் கொட்டையே வேண்டாம், பாட்டில் மூடி போதும். அதிலும் பெரிய மூடியாகப் பாருங்கள்.

காசையும் நிஜக் காசாகவே கொடுத்துப் பழக்கினேன். 5, 10 காசு வெள்ளி நிறம், 20, 50 காசு தங்க நிறம். பெரியதாக இருப்பதுதான் அதிக மதிப்பு என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

இவ்வளவும் ஒரு நாளில் எத்தனை நேரம் என்று கேட்பார்கள். உட்கார்ந்து செய்வது காலையில் அரை மணி நேரத்துக்குக் குறைவு. மற்றதெல்லாம் சமையலோடும் துணியோடும் நடந்ததுதான்.

கைப்பேசிதான் பெரிய தலைவலி. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும், 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று இருக்கிறது. ஓட்டமும் தூக்கமும் எங்கள் வீட்டில் பிரச்சினையே இல்லை. திரைக்குத்தான் தினமும் பஞ்சாயத்து. கணவர் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்கும் வாரங்களில் வீட்டில் சத்தம் கூடாது, அப்போதெல்லாம் அந்த ஒரு மணி நேரம் நீண்டுதான் போனது.

வீட்டால் தர முடியாதது கூட்டம். வரிசையில் நிற்பது, தன் முறைக்குக் காத்திருப்பது, இன்னொரு பிள்ளை பிடுங்கினால் என்ன செய்வது, இதை அம்மாவும் பாட்டியும் சொல்லித் தர முடியாது. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இதே வயதில் இருந்த பிள்ளைகளைச் சனிக்கிழமை காலை எங்கள் கார் நிறுத்துமிடத்தில் பாய் போட்டு உட்கார வைத்தோம். கதைக்கு அத்தை, களிமண்ணுக்கு நான், மைலோ கலக்க இன்னொரு அம்மா. அத்தைக்கு அந்தச் சனிக்கிழமைகளில் பத்து வயது குறைந்துவிடும்.

பள்ளிப் பதிவை மறந்துவிடாதீர்கள். முதலாம் ஆண்டுக்கான விண்ணப்பம் அமைச்சின் இணையவாசலில், பிள்ளை சேர வேண்டிய நாளுக்கு வெகு முன்பே திறந்துவிடுகிறது. பாலர் பள்ளியில் இருக்கும் பிள்ளை என்றால் ஆசிரியர் நினைவூட்டுவார், நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள். பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை, முகவரிக்கு மின்சாரக் கட்டண ரசீது இவற்றின் நகல்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் போட்டு வைத்துவிட்டால் அலைச்சல் குறையும்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய மாதங்களில் பாடத்தை விட்டுவிட்டு வேறு பயிற்சி செய்தோம். சீருடைப் பொத்தான், உணவு டப்பாவின் மூடி, தண்ணீர்ப் புட்டியைத் திருகுவது, சிற்றுண்டிச்சாலையில் காசு கொடுத்து மீதி வாங்குவது. முக்கியமாகக் கழிப்பறை. வீட்டில் உட்காரும் வகை, பள்ளியில் பெரும்பாலும் குந்தும் வகை. பழக்கமில்லாத பிள்ளை மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டிருக்கும். அதோடு, "டீச்சர், கழிப்பறைக்குப் போகலாமா?" என்று முழு வாக்கியமாக, சத்தமாகக் கேட்கவும் பழக்கினேன்.

முதல் வாரங்களில் பாடம் குறைவு, பிள்ளைகளைப் பள்ளிக்குப் பழக்குவதுதான் அதிகம். அதனால் மகள் தப்பித்தாள். வாசிப்பில் சிரமமே இல்லை. கதை சொல்லச் சொன்னால் நிறுத்த முடிவதில்லை என்று ஆசிரியர் சிரித்துக்கொண்டே குறைபட்டார். திணறியது கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில். நிமிர்ந்து பார்த்து, நினைவில் வைத்து, குனிந்து எழுதும் அந்த வேலையை வீட்டில் அவள் செய்ததே இல்லை, மற்றவர்கள் முடித்தபிறகும் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது சாயங்காலம் சுவரில் ஒரு சின்ன வெண்பலகை மாட்டி, மறுநாள் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று நான் எழுத, அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறாள். வேகம் வந்துகொண்டிருக்கிறது.

மகனுக்குத் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பில் இடம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்தால் அனுப்பிவிடுவேன். அவனுக்குக் கூட்டம் பிடிக்கும், அத்தைக்கும் முழங்கால் முன்போல இல்லை. கிடைக்காவிட்டால் முட்டைப் பெட்டி இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது.