இலவம்பஞ்சு, இஸ்திரிக் கரி, ஒரு மீன் தொட்டி

எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே சுவர் கிடையாது. அந்த இடைவெளியை மர அலமாரி வைத்து அடைப்பதா, மணிச் சரம் தொங்கவிடுவதா என்று இரண்டு ஆண்டுகளாக முடிவு காணாமல் கிடந்த விவாதத்தை, மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் "மீன் தொட்டி" என்று சொல்லி முடித்துவைத்தாள். சென்னையில் மீன் தொட்டி வாங்குவது என்றால் கால்கள் தாமாகவே கொளத்தூர்ப் பக்கம் திரும்பும். வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் அந்தப் பகுதி அவ்வளவு பெயர் பெற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, கூழாங்கல் மூட்டை, ஸ்பாஞ்சு வைத்த சிறிய ஃபில்டர், நான்கு தங்க மீன்கள் ஆகியவற்றுடன் ஆட்டோவில் திரும்பினோம்.

தண்ணீரை நிரப்பி, ஃபில்டரைச் சில வாரங்கள் ஓடவிட்டு, அதன் பிறகே மீனை விட வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு முறை சொன்னார். சொல்லிக்கொண்டே மீன்களையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றடைத்து, ரப்பர் பேண்டு சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அதில் ஒரு முரண்பாடு இருப்பதை அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. அன்று மாலையே மீன்கள் தொட்டிக்குள் இறங்கிவிட்டன.

பெயர் சூட்டும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டாள். நான்கும் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததால், இரத்தச் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்பதாக மருத்துவர் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தடை செய்யப்பட்டிருக்கும் பண்டங்களின் பெயர்களையே தேடித் தேடி வைத்தாள்: லட்டு, ஜாங்கிரி, கேசரி, ஜிலேபி. கடைசிப் பெயரைக் கேட்டவுடன் என் அம்மா, "ஜிலேபி வேண்டாம்மா, அது குழம்பு மீன்" என்று தடுத்துவிட்டார். ஜிலேபிக் கெண்டையின் மீது அம்மாவுக்கு இருக்கும் பழைய பற்றை எண்ணி, அந்த மீனின் பாதுகாப்பை முன்னிட்டு, அதற்குப் பூந்தி என்று மறுபெயர் சூட்டினோம்.

மூன்றாம் நாள் காலையில் தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த கழுநீரைப் போல வெளுத்திருந்தது. நான் உடனே செயலில் இறங்கினேன். மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீர் முழுவதையும் இறைத்து, கூழாங்கற்களைக் களைந்து, கண்ணாடியைத் துடைத்து, ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து வெள்ளைச் சட்டைக் காலரைத் தேய்ப்பது போலத் தேய்த்துப் பிழிந்தேன். தண்ணீர் பளிச்சென்று ஆனது. இரண்டு நாளில் மீண்டும் கழுநீர். மறுபடியும் இறைத்தேன், மறுபடியும் கழுநீர். ஒரே வாரத்தில் மூன்று முறை இந்தக் கைங்கரியம் நடந்த பிறகு, என் இடுப்புக்குத் தைலம் தேய்க்கும் செலவும் மீன் வளர்ப்புக் கணக்கில் சேர்ந்தது.

அந்த வெண்மை அழுக்கல்ல என்பதும், தின்னாமல் விட்ட தீனியையும் கழிவையும் உண்டு திடீரென்று பெருகும் பாக்டீரியாக் கூட்டம் என்பதும், தொட்டியை அப்படியே விட்டால் சில நாட்களில் அது தானாக அடங்கிவிடும் என்பதும் பின்னால்தான் எனக்குத் தெரிந்தன. மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான் என்பதால், அதை நைட்ரோஸ்பைரா போன்றவை வாங்கி, அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த இரண்டு வகையும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நானோ அவை பால் காய்ச்சிக் குடிபுகும் ஒவ்வொரு முறையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சி அத்தனை பேரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் தெரியாத நிலையில், ஃபில்டர் சிறியது என்பதே கோளாறு என்று முடிவு செய்து, தொட்டியின் மேல் உட்காரும் டாப் ஃபில்டர் ஒன்றை வாங்கினேன். மணிக்கு 300 லிட்டர் தண்ணீரை மேலேற்றும் சிறிய மோட்டாரும், தண்ணீர் வடிந்து இறங்க மூன்று தட்டுகளும் அதில் இருந்தன. முதல் தட்டில் தூசியைப் பிடிக்கும் வெள்ளைப் பஞ்சு, இரண்டாவதில் நுண்ணுயிர்கள் குடியிருக்கச் செராமிக் வளையங்கள், மூன்றாவதில் நிறத்தையும் வாடையையும் உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் என்பது முறை. அந்த வெள்ளைப் பஞ்சும் தலையணைக்குள் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சும் ஒன்றேதான் என்று எங்கோ படித்திருந்ததால், வீட்டில் தலையணை இருக்கும்போது கடையில் பஞ்சு வாங்குவானேன் என்று ஒரு பழைய தலையணையைப் பிரித்தேன்.

அது அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணை. இலவம்பஞ்சின் இழைகளின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. அது தண்ணீரில் நனையாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களுக்கான உயிர்காப்பு அங்கிகளில் அதைத்தான் அடைத்தார்கள். நீரில் மூழ்குகிறவனைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்த அந்தப் பஞ்சிடம் போய், நீரை உனக்குள் இறக்கிக்கொள் என்று கேட்டால் அது எப்படிச் சம்மதிக்கும்? மோட்டாரைப் போட்டவுடன் பஞ்சு தட்டை விட்டு எழும்பியது. தண்ணீர் அதன் மேலேறி, தட்டின் விளிம்பைத் தாண்டிக் கூடத்துத் தரையில் வழிந்தது. தொட்டியின் மேற்பரப்பில் விழுந்த துணுக்குகளைப் புதுவகைத் தீனி என்று நம்பி நான்கு மீன்களும் வாயில் இழுத்துத் துப்பிக்கொண்டிருந்தன. அம்மா தரையைப் பார்க்கவில்லை, மீனைப் பார்க்கவில்லை. பிரிந்து கிடந்த தலையணை உறையைத்தான் பார்த்தார். அதன் பிறகு அவர் பேசியவற்றை இங்கே எழுத இயலாது.

அந்த வாரம் மாமனார் வந்திருந்தார். கார்பன் பாக்கெட்டின் விலையைப் பார்த்தவர், "கரிதானே மாப்பிள்ளை, இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டுவிட்டு, நான் அலுவலகம் போயிருந்த நேரத்தில் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் இரண்டு கை நிறைய அடுப்புக்கரி வாங்கி மூன்றாம் தட்டில் நிரப்பிவிட்டார். மாலையில் நான் திரும்பியபோது தொட்டி இருண்டிருந்தது. மீன்கள் கண்ணாடி அருகே வரும்போது மட்டும் மழை நாளில் எதிரே வரும் லாரியின் விளக்கைப் போல மங்கலாகத் தெரிந்து மறைந்தன.

கரி வேறு, ஆக்டிவேட்டட் கார்பன் வேறு என்று விளக்கும் கடமை எனக்கு வந்தது. கொட்டாங்குச்சி போன்றவற்றைக் கரியாக்கி, கடும் வெப்பத்தில் நீராவி செலுத்தி அதற்குள் எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்குகிறார்கள் என்றும், அந்தத் துளைகளின் உட்பரப்பையெல்லாம் விரித்துப் பார்த்தால் ஒரு கிராமுக்கே 500 சதுர மீட்டருக்குமேல் வரும் என்றும், அதாவது நாம் வாழும் ஆயிரம் சதுர அடி ஃப்ளாட்டைப் போல ஐந்து ஃப்ளாட்டுகள் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாமனார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் நான் உண்மையான கார்பனைத் தட்டில் கொட்டி மோட்டாரைப் போட்டேன். அதை முதலில் நன்றாக அலச வேண்டும் என்று பாக்கெட்டின் பின்புறம் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. தொட்டி மறுபடியும் கருத்தது. "அஞ்சு ஃப்ளாட்டும் கறுப்பாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

அடுத்த முறை அம்மாவுடையது. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் வழக்கம் சங்க இலக்கியத்திலேயே பேசப்படுகிறது. கொட்டை கிடைக்காத நகரத்தில் அந்த இடத்தைப் படிகாரம் பிடித்துக்கொண்டது. கிணற்றுத் தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளிய வைத்த அனுபவத்தில், யாரிடமும் சொல்லாமல் இரவில் ஒரு கட்டியைத் தொட்டிக்குள் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால், மிகையாகச் சொல்லவில்லை, தண்ணீர் ஸ்படிகம் போல இருந்தது. மனைவி கைப்பேசியில் படம் எடுத்தாள். நான் அம்மாவின் கையைப் பற்றிக் குலுக்கினேன். மகள் மட்டும், "அப்பா, கேசரி ஏன் படுத்திருக்கு?" என்று கேட்டாள்.

கேசரி மட்டுமல்ல, நான்குமே அடியில் ஒடுங்கிக் கிடந்தன. மிதக்கும் துகள்களைத் திரட்டி அடியில் படியவைப்பதோடு படிகாரம் நின்றுவிடுவதில்லை; நீரின் காரத்தன்மையையும் குறைக்கிறது; அளவு மிஞ்சினால் மீனின் செவுளுக்கு ஆகாது. கடைக்காரரிடம் ஓடிப்போய் அம்மோனியாச் சோதனைக் குப்பியும், குளோரினை முறிக்கும் சொட்டு மருந்தும் வாங்கி வந்தேன். அந்தச் சோதனையில் நீர் மஞ்சளாக நின்றால் நலம், பச்சை கூடக்கூட ஆபத்து. பச்சை விளக்கைப் பார்த்தால் வண்டியைக் கிளப்பிப் பழகிய நான், குழாயில் இலைப் பச்சை ஏறியதைப் பார்த்து ஒரு கணம் மகிழ்ந்தும்விட்டேன். கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெரிந்த அந்தத் தண்ணீரில்தான் அம்மோனியா நிறைந்திருந்தது. கழுநீராக இருந்த நாட்களில் மீன்கள் பட்ட பாடு இதைவிடக் குறைவு.

பாதித் தண்ணீரை மாற்றி அவற்றைத் தேற்றினோம். அம்மோனியாவைப் பிடிக்கும் என்று ஜியோலைட் கற்களை வாங்கிப் போட்டதும், சோர்ந்த தங்க மீனுக்குக் கல் உப்பு நல்லது என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு அதையும் சேர்த்ததும் தனிக்கதை. ஜியோலைட் பிடித்துவைத்த அம்மோனியாவை வெளியேற்றி அதைப் புதுப்பிப்பதற்கே உப்புத் தண்ணீரில்தான் ஊறவைப்பார்களாம். ஒரு கையால் வாங்கிப் பூட்டிவைத்ததை மறுகையால் திறந்துவிட்டிருக்கிறேன் என்று கடைக்காரர் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார். நான்கு தங்க மீனுக்கு அந்தத் தொட்டி போதாது, இரண்டே அதிகம் என்பதையும் அப்போதுதான் சொன்னார். லட்டையும் கேசரியையும், மகளின் கண்ணீருக்கு நடுவே, மச்சினியின் வீட்டுத் தோட்டத்தில் இருக்கும் பெரிய சிமெண்டுத் தொட்டிக்கு அனுப்பிவைத்தோம்.

அதன் பிறகு நான் செய்தவை மிகக் குறைவு. ஒரு நாளைக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் தீனி. ஞாயிறுதோறும் 12 லிட்டர் அளவுக்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் முறித்த தண்ணீரை ஊற்றுதல். ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டால், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை மெதுவாகப் பிழிதல். செராமிக் வளையங்களின் பக்கம் கையே போகாது. கை பரபரத்த மாலைகளில் மனைவி என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். ஐந்தாம் வாரத்தில் சோதனைக் குப்பி முதன்முறையாக மஞ்சளிலேயே நின்றது. ஆறாம் வாரத்தில், பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பையன் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று நினைத்து உள்ளே கையை விட்டு, முழங்கை வரை சட்டையை நனைத்துக்கொண்டான்.

தொட்டி கலங்கியிருந்த நாட்களில் அது நல்ல திரைச்சீலையாகவும் பயன்பட்டது என்பதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சென்ற வாரம் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்திலிருந்து வந்த இனிப்புப் பெட்டி சாப்பாட்டு மேசையில் இருந்தது. மனைவி கூடத்தில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் பழைய துணிச்சலில் தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, ஓசையில்லாமல் பெட்டியைத் திறந்து, இரண்டாவதை எடுத்து வாயருகே கொண்டுபோன நேரத்தில், தண்ணீரின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "என்னங்க, அந்த ஜாங்கிரியக் கீழ வைங்க!"

பாதி பின்னலோடு அலறிக்கொண்டு ஓடிவந்த மகள், என் கையையும் வாயையும் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்குள் பார்த்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிய பிறகுதான் அழுகையை நிறுத்தினாள்.