பத்துப் படங்களும் ஒரு வரிசையும்: 96ஆவது ஆஸ்கர் நாட்குறிப்பு

ஜனவரி 23, 2024

பரிந்துரைகள் வெளியாகிவிட்டன. 13 பரிந்துரைகளோடு 'ஓப்பன்ஹைமர்' முன்னிலையில் நிற்கிறது. அடுத்து 'புவர் திங்ஸ்' 11, 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்' 10. பெண்கள் இயக்கிய மூன்று படங்கள் ஒரே ஆண்டில் சிறந்த படத்துக்கான பிரிவில் இடம்பெறுவது இதுவே முதல் முறை. ஆனால் அம்மூவரில் 'அனாடமி ஆஃப் எ ஃபால்' படத்தை இயக்கிய ஜஸ்டின் திரியேவுக்கு மட்டுமே இயக்குநர் பிரிவில் இடம் கிடைத்திருப்பது எனக்கு மனக்குறையே.

மார்ச் 10 விழாவுக்குள் சிறந்த படப் பிரிவின் பத்துப் படங்களையும் பார்த்து, ஆஸ்கர் வழங்கும் அகாதமியின் வாக்காளர்களைப் போலவே ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தப் போகிறேன். இறுதிச் சுற்றில் இந்தப் பிரிவுக்கு மட்டும்தான் வரிசை வாக்கு. மற்றவற்றில் ஒரே ஒரு தேர்வு.

ஜனவரி 28

'கில்லர்ஸ்' 206 நிமிடங்கள் ஓடுகிறது. எண்ணெய் வளத்தால் செல்வம் பெற்ற அமெரிக்கப் பழங்குடியினரான ஓசேஜ் மக்கள் 1920களில் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்ட வரலாற்றைக் கொலையாளிகளின் பக்கத்திலிருந்து சொல்வதா என்ற கேள்வி நியாயமானது. ஆயினும் ஓசேஜ் பெண் மோலியாக வரும் லில்லி கிளாட்ஸ்டோன் கணவனைப் பார்க்கும் ஒவ்வொரு பார்வையும் அந்தக் கேள்வியைப் படத்துக்குள்ளேயே எழுப்பிவிடுவதால், நீளம் எனக்குச் சுமையாகத் தெரியவில்லை. இப்போதைக்கு முதலிடம்.

பிப்ரவரி 4

'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' அந்த இடத்தைப் பறித்துக்கொண்டது. அவுஷ்விட்ஸ் முகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸின் குடும்பம் முகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் பூச்செடி வளர்த்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, விருந்தினரை உபசரித்து வாழ்கிறது. மதிலுக்கு அப்பால் நிகழும் கொலைகள் ஒருமுறைகூடத் திரையில் காட்டப்படுவதில்லை; உலைகளின் உறுமல், துப்பாக்கிச் சத்தம், அலறல் ஆகியவை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. சற்று நேரத்தில் அந்த ஒலிகள் நமக்கும் பழகிவிடுகின்றன. அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை நம் செவியின் வழியாகவே உணர்த்திவிடும் இயக்குநர் ஜோனதன் கிளேசரின் துணிவுக்கு இணையாக இந்தப் பட்டியலில் வேறொன்றைக் காண்பது அரிது.

பிப்ரவரி 7

'மேஸ்ட்ரோ', 'அமெரிக்கன் ஃபிக்‌ஷன்'. முன்னதில் தேவாலயத்தில் நிகழும், இசையமைப்பாளர் மாலரின் சிம்பொனிக் காட்சி அபாரம். மற்றவை மனத்தில் தங்கவில்லை. பின்னதில் குடும்பக் கதை, இலக்கியச் சந்தையைப் பற்றிய நையாண்டியைவிட வலுவானது. என் வரிசையில் முன்னதற்குப் பத்தாமிடம், பின்னதற்கு எட்டாமிடம்.

பிப்ரவரி 11

'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' படத்தில் தளபதியின் மனைவியாக வந்த ஸான்ட்ரா ஹ்யூலரே 'அனாடமி ஆஃப் எ ஃபால்' படத்தில் கணவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்படும் மனைவியாக நடித்திருக்கிறார். இங்கும் ஒலியே சாட்சி. கணவன் இறப்பதற்கு முந்தைய நாள் பதிவான சண்டை நீதிமன்றத்தில் ஒலிக்கும்போது காட்சி நம்மை அந்த வீட்டுக்குள் அழைத்துச் செல்கிறது. கைகலப்பு தொடங்கும் நொடியில் மீண்டும் நீதிமன்றத்துக்கே திருப்பிவிடுகிறது. யார் யாரை அடித்தார் என்பதை நாமும் கேட்டுத்தான் ஊகிக்க வேண்டும். கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனையை வென்ற இப்படத்தைச் சர்வதேசப் படப் பிரிவுக்கு பிரான்ஸ் அனுப்பாதது பெரும் இழப்பு. இப்போதைக்கு இரண்டாமிடம்.

பிப்ரவரி 18

'பாஸ்ட் லைவ்ஸ்' பெற்றவை இரண்டே பரிந்துரைகள். தென்கொரியாவின் சியோலில் பிரிந்த சிறுவயதுத் தோழர்கள் இருவர் 24 ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க்கில் சந்திக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கணவனை வில்லனாக்காமல், அவனுக்கும் தன் மனத்தைச் சொல்ல இடம் தருவதில் இயக்குநர் செலின் சாங்கின் முதிர்ச்சி தெரிகிறது. முதல் படத்திலேயே இந்த நிதானம் வாய்ப்பது அபூர்வம். இதை இரண்டாமிடத்தில் வைத்ததும் 'கில்லர்ஸ்' நான்காவதாயிற்று.

பிப்ரவரி 24

வாக்குப்பதிவு 27 வரை நடக்கிறது. முதல் விருப்ப வாக்குகளில் பாதிக்கு மேல் எந்தப் படமும் பெறாவிட்டால், மிகக் குறைவாகப் பெற்ற படம் நீக்கப்பட்டு அதன் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். ஆகவே சிலர் உயிராக நேசித்துப் பலர் ஒதுக்கும் படத்தைவிட, பலரும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எழுதும் படத்துக்கு இந்த வாக்கு முறை கைகொடுக்கும். 'ஓப்பன்ஹைமர்' படத்துக்கோ முதல் விருப்பமும் கிடைக்கும், அடுத்தடுத்த விருப்பங்களும் கிடைக்கும். அதை வீழ்த்தக்கூடிய படம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

மார்ச் 9

என் இறுதி வரிசை: 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்', 'பாஸ்ட் லைவ்ஸ்', 'அனாடமி ஆஃப் எ ஃபால்', 'கில்லர்ஸ்', 'ஓப்பன்ஹைமர்', 'தி ஹோல்டோவர்ஸ்', 'புவர் திங்ஸ்', 'அமெரிக்கன் ஃபிக்‌ஷன்', 'பார்பி', 'மேஸ்ட்ரோ'. 'ஓப்பன்ஹைமர்' வென்றால் வருந்த மாட்டேன். உலகின் முதல் அணுகுண்டுச் சோதனையான டிரினிட்டியின்போது வெடியோசையைச் சற்று நேரம் நிறுத்தி, ஒளியையும் மூச்சொலியையும் முன்னே விட்ட படம் அது. ஆனால் சிறந்த ஒலிக்கான விருது 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' படத்துக்கே போக வேண்டும். அந்தப் பிரிவில் என்னிடம் இரண்டாவது விருப்பம் இல்லை.