நடக்க முடிந்தால் டிரெட்மில், இல்லாவிட்டால் மருந்து

இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்டில், நடக்க முடிகிறவருக்கு முதல் தேர்வு டிரெட்மில்தான். எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தார் என்பதே பாதி விடை. மருந்து கொடுத்துச் செய்யும் டெஸ்ட் அதைச் சொல்லாது. எட்ட வேண்டிய இதயத் துடிப்பு, 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதில் 85%. 60 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 136. பீட்டா பிளாக்கர் (துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) போட்டுக்கொண்டு ஏறினால் துடிப்பு 110-லேயே நின்றுவிடலாம். அந்த 'நார்மல்' ரிப்போர்ட்டை நம்பி உட்கார முடியாது. (மாத்திரையை நிறுத்தச் சொல்வது டாக்டர் வேலை, நாமாக நிறுத்தக் கூடாது.)

மூட்டு வலி, பக்கவாதம் என்றால் மருந்து. டோபுடமின் இதயத்தை ஓடவைக்கும்: உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கி 40 வரை, துடிப்பு ஏறாவிட்டால் அதை ஏற்ற அட்ரோபின் என்ற இன்னொரு மருந்து. அடினோசின் வேறு ரகம். அடைப்பில்லாத இதயக் குழாய்களை விரித்துவிடும். அடைப்புள்ள குழாய்ப் பக்கம் ரத்தம் அந்த அளவு கூடாது, ஸ்கேனில் அந்த இடம் மங்கலாகத் தெரியும். இழுப்பு உள்ள ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. கடைசி 12 மணி நேரத்தில் காபி குடித்திருந்தால் அடினோசின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். டீயும் அப்படித்தான்.