துரை விட்டுப்போன எலிங்டனும் தாத்தாவின் தோடியும்

கண்டியில் நான் தேடிப் போனது தலதா மாளிகையையோ பேராதனைப் பூங்காவையோ அல்ல. ஓர் இசைத்தட்டின் பெயரில் இருக்கும் சாமியாரை. சொன்னபோது வெள்ளவத்தையில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பன் சிரித்தான். "தட்டுக்காகப் புறக்கோட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைந்தாய், சரி. இப்போது தட்டின் அட்டையில் உள்ள பெயருக்காகவும் அலையப்போகிறாயா?"

அமெரிக்க ஜாஸ் கலைஞர் அலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா'தான் அந்தத் தட்டு. ஜாஸ் கேட்பவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் தம்புரா இரையும். பிறகு செசில் மெக்பியின் பேஸ் ஒரு சிறு சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், செக்கு சுற்றுவதைப் போல. அதன்மேல் அலிஸின் ஹார்ப் சரசரவென்று இறங்கும். கொஞ்சம் பொறுத்து ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன் வரும். அந்த ஹார்ப்பை வாங்கச் சொல்லியிருந்தவர் அவருடைய கணவர் ஜான் கோல்ட்ரேன். 1967இல் அவர் இறந்த பிறகுதான் அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

தலைப்பில் இருக்கும் சச்சிதானந்தர் கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்தவர். சிவானந்தரின் சீடர். குரு அவரை 1953இல் இலங்கைக்கு அனுப்பினார். முதலில் திருகோணமலையில் இருந்துவிட்டுப் பிறகு கண்டியில் தபோவனம் அமைத்தார். 1966இல் நியூயோர்க் போனார். 1969இல் வுட்ஸ்டொக் மேடையில் தொடக்க உரை ஆற்றினார். அதே தட்டில் உள்ள 'ஸ்டொப்ஓவர் பொம்பே' என்ற துண்டு, அலிஸ் 1970 டிசம்பரில் இந்தியாவிலும் இலங்கையிலும் ஐந்து வாரம் தங்கக் கிளம்பவிருந்த பயணத்தை மனதில் வைத்துப் பெயரிடப்பட்டது. நியூயோர்க்கின் லோங் ஐலண்டில், ஒரு வீட்டு நிலவறையில் பதிவான இசைக்குள் எங்கள் தீவும் ஒரு மூலையில் இருக்கிறது. பதினெட்டு வயதில் இதைப் படித்த நாளிலிருந்து கண்டிக்குப் போக வேண்டும் என்று இருந்தேன்.

போனேன். தபோவனம் எங்கே என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூவரும் மூன்று திசையைக் காட்டினார்கள். நான்காவது ஆள், முச்சக்கர வண்டிக்காரர், என்னை ஒரு யோகாசன வகுப்பின் வாசலில் இறக்கிவிட்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாவிக்கரையில் ஒரு மரத்தடியில் ஒதுங்கி, காதில் கருவியை மாட்டி, தட்டின் முதல் பக்கத்தை முழுவதுமாகக் கேட்டுவிட்டு எழுந்தேன். தேடல் அவ்வளவுதான். ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன். மழை நீரில் விழும் சத்தத்தில் ஹார்ப் எது, வாவி எது என்று பல இடங்களில் பிரித்தறிய முடியவில்லை.

மறுநாள் காலை பதுளை ரயில். கம்பளை, நாவலப்பிட்டி வரை உட்கார இடமில்லை. ஹட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வந்தது. பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே மூச்சில் 'கூ' போட்டார்கள். இருட்டில் அந்தக் கூவல் கல்லில் மோதித் திரும்பி, அடுத்த கூவலோடு கலந்து, வெளிச்சம் வரும்வரை தொங்கியது. ஒலிப்பதிவுக் கூடங்களில் எதிரொலிக்காகப் படும் பாடு நினைவுக்கு வந்தது. நானும் கூவினேன் என்பதை மறைக்கவில்லை.

கொட்டகலையில் மாமா காத்திருந்தார். இந்தப் பயணத்தின் இரண்டாவது காரணம் அவர்தான். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் பழைய தட்டுகள் இருப்பதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். பெரியவர் என் தாத்தாவின் கூட்டாளி.

தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவரிடம் இருந்தது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு, ஒரே ஒன்று: டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம். நாதஸ்வரம். ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம், திருப்பிப் போட்டால் மீதி. தாத்தா போன பிறகு அது என் கைக்கு வந்தது. அப்போது நான் கல்லூரியில், வினைல் தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பழகியிருந்தேன். பூஞ்சணம் பிடித்திருந்த தோடியையும் அப்படியே துடைத்தேன். 78 தட்டுகள் வினைல் அல்ல, அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சில் கறுப்பாக ஒட்டியது அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ராஜரத்தினம் பிள்ளையை என் கையாலேயே துடைத்து எறிந்தேன்.

பெரியவரின் வீடு லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, மேலே, தனியாக. பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் வந்தன. "தட்டு பார்க்க வந்தீர்களாமே தம்பி" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனார். சூட்டில் தட்டுகள் கெட்டுப்போயிருக்குமோ என்று எனக்குப் பக்கென்றது. ஆனால் அதுதான் சரியான இடம். மலைநாட்டில் தட்டுக்கு எதிரி வெயில் அல்ல, ஈரம். அட்டை உறை ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சணம் பள்ளங்களுக்குள் இறங்கும். அடுப்புச் சூடு படும் சுவரை ஒட்டி, ஒரு தேயிலைப் பெட்டிக்குள், தட்டுகளை நிமிர்த்தி வைத்திருந்தார். படுக்கவைத்தால் வளையும் என்பது யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. சேகரிப்பாளர்கள் என்று பெயர் பண்ணிக்கொண்டு திரியும் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பதினொரு தட்டுகள். ஏழு ஆங்கில நடனக் குழுக்கள், எனக்கு அவற்றில் ருசி இல்லை. இரண்டு உடைந்தவை. பத்தாவது ஜாஸ் மேதை டியூக் எலிங்டன். எல்லாம் பங்களாச் சரக்கு. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது தோட்டத்து மேலாளரான துரை ஊருக்குக் கிளம்பினார். பங்களாச் சமையல்காரர் அப்புவிடம் ரேடியோகிராமும் தட்டுகளும் மிஞ்சின. அப்புவிடமிருந்து தட்டுகள் மட்டும் இவரிடம் வந்தன.

எலிங்டன் 1963இல் அமெரிக்க அரசு அனுப்பிய குழுவோடு கொழும்புக்கே வந்து வாசித்தவர். ஜாஸ் பியானோக்காரர் டேவ் புருபெக்கும் 1958இல் அப்படித்தான் வந்தார். துரை அந்தக் கச்சேரிக்குப் போயிருப்பாரோ என்று கேட்டேன். "துரை எங்கே போனார் என்று எங்களிடம் சொல்லிவிட்டா போவார்?" என்றார் பெரியவர்.

பதினோராவது தட்டை அவர் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. விளிம்பு தெரிந்தது. கேட்டேன். எடுத்தார். தோடி. தாத்தாவின் தட்டேதான், அதாவது அதே பதிவு. பூஞ்சணம் இல்லை, கீறல் இல்லை.

ஜாஸ் தேடி வந்தவன் அந்த நிமிடம் எலிங்டனை மறந்துவிட்டேன். என்ன விலை என்று வாய்விட்டே கேட்டேன், வெட்கமில்லாமல். பெரியவர் தட்டைத் தன் துண்டில் சுற்றிக்கொண்டார். "இது என்னுடையது இல்லை தம்பி. கங்காணி மகன் ஒருவன் 1973இல் கப்பலேறினான். தலைமன்னாருக்கு ரயில் ஏறுமுன் என் கையில் கொடுத்து, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான்."

1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்ட ஒப்பந்தம். அதில் போனவன் தட்டு வாங்கத் திரும்பி வருவானா என்று நான் கேட்கவில்லை. மாமா என் காலை மிதித்தது ஒரு காரணம். "எலிங்டனை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார் பெரியவர். காசு வாங்கவில்லை. அடுத்த முறை வரும்போது கொழும்பிலிருந்து நல்ல கருவாடு கொண்டுவரச் சொன்னார்.

அது மாசி மாதம். பக்கத்துத் தோட்டத்தில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் பருத்தித் தோட்டத்துக் கறுப்பர் பாட்டும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பாட்டும் ஒன்றுதான் என்று எழுதிவிட்டுப் போகும் கட்டுரைகள் எனக்கு ஒத்துவராது. இரண்டையும் காது கொடுத்துக் கேட்காதவர்கள்தான் அப்படி எழுத முடியும். ஆனால் அன்று இரவு நானும் சும்மா இருக்கவில்லை. தப்புப் பறை அடிப்பவர்களுக்குப் பின்னால் நின்று, புருபெக்கின் 'புளூ ரொண்டோ' ஒன்பது எண்ணிக்கையை இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரிக்கிறதே, அதைப் போல எண்ணிப் பார்த்தேன். இஸ்தான்புல் தெருவில் கேட்டதிலிருந்து அவர் அதை எடுத்தார். நான் ஒரு சுற்றைக்கூட முழுதாகப் பிடிக்கவில்லை.

அடி நின்றபோது ஒருவரிடம், "அண்ணே, இது எத்தனை எண்ணிக்கை?" என்றேன். அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. தப்பை எடுத்து ஓர் அடி அடித்தார். "இது சாவுக்கு." இன்னொன்று. "இது சாமிக்கு." பிறகு, "நீங்கள் கேட்டது காமனுக்கு." அதற்குள் பனியில் தோல் தளர்ந்துவிட்டது. மானாப்புல்லைக் கொளுத்தி எல்லோரும் தப்பைச் சுற்றிப் பிடித்தார்கள். காய்ச்சிக் காய்ச்சி விரலால் தட்டிப் பார்ப்பதும், மறுபடி தீயில் காட்டுவதும் கூத்தைவிட நீண்ட நேரம் நடந்ததாக எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு தட்டுக்கும் சுருதி கொஞ்சம் ஏறியது.

கொழும்பு வந்ததும் எலிங்டனைக் கழுவினேன். வெறும் தண்ணீர், ஒரு சொட்டு சவர்க்காரம், நடுவில் உள்ள காகிதம் நனையாமல். 78க்கான தடித்த ஊசியை மாட்டினேன். வினைல் ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் அழுக்கை உழுதுகொண்டு போகும். சத்தம் வந்தது. பித்தளை வாத்தியங்கள் கம்மலாக இருந்தாலும் முழுசாக வந்தன. கூடவே சுற்றுக்கு ஒரு 'டக்'. விளிம்பில் மயிரிழை விரிசல்.

நான்தான் பையில் அழுத்திவிட்டேனோ என்று மனம் கேட்கவில்லை. மாமாவின் தொலைபேசிக்கு அழைத்துப் பெரியவரிடம் கொடுக்கச் சொல்லி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்தேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"அந்த டக் அப்போதே இருந்தது தம்பி. துரைசாணி தட்டைக் கீழே போட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. கருவாடு எப்போது?"