வடம் இன்னும் அடியில் இருக்கிறது

செப்டம்பர் 9

நேற்று முழுநிலவு. ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், மெலிய இன்னும் ஒரு வாரமாகும் என்றும், ஓராண்டுக்கு முன் வெப்பமானிகளும் மிதவைகளும் கட்டி அடியில் நிறுத்திய வடத்தை இந்த நீரோட்டத்தில் விடுவித்தால் மிதவைகள் எங்கே தலைகாட்டும் என்று சொல்ல முடியாது என்றும் கப்பல் தலைவர் காலையிலேயே முடிவாகச் சொல்லிவிட்டார். ஓராண்டு பொறுத்தவனுக்கு ஒரு வாரம் பெரிதாகத் தோன்றுகிறது.

செப்டம்பர் 10

ஜிப்ரால்டர் நீரிணையின் மேற்குப் பகுதியில், கமரினால் மேட்டுக்கு நேர் மேலே இன்று பகல் முழுவதும் நின்றோம். ஏறக்குறைய 300 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அந்த மேட்டைத் தாண்டித்தான் மத்தியதரைக் கடலின் உப்பு மிகுந்த நீர் அடியில் மேற்கே போகிறது. அந்தக் கடலில் ஆவியாகும் அளவுக்கு மழையும் ஆறுகளும் ஈடுசெய்யாததால், அட்லாண்டிக் நீர் மேலே கிழக்கு நோக்கி நுழைகிறது. ஓதம் மேற்கே இழுக்கும்போது மேட்டின் மறுபுறத்தில் இரு நீர்களின் எல்லை பள்ளமாகத் தாழ்ந்து அங்கேயே தங்கி நிற்கிறது. மேலே பார்த்தால் கடல் உலைநீர் போல் கொதிக்கிறது. இழுப்பு தளர்ந்ததும் அந்தப் பள்ளம் கட்டவிழ்ந்து, இரு நீர்களின் எல்லையில் ஓடும் வரிசையான உள்ளலைகளாகப் பிரிந்து கிழக்கே புறப்படுகிறது.

அடர்த்தியில் இவ்விரு நீர்களுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் இரண்டு பங்குதான். கனமான நீரைக் காற்றுக்குள் தூக்குவது கடினம். ஏறக்குறைய அதே கனமுள்ள நீருக்குள் தூக்குவதற்குப் பெரிய ஆற்றல் வேண்டியதில்லை. அதனால்தான் மேற்பரப்பில் ஒரு முழம்கூட உயராத அலை உள்ளே 100 மீட்டர் வரை ஏறி இறங்க முடிகிறது.

மூன்றாவது வெப்பமானி இருப்பது சரியாக அந்த எல்லையில். அதன் உறையை மூடியபோது ரப்பர் வளையத்தைத் துடைத்தேனா?

செப்டம்பர் 11

இரவில் ஸ்பெயின் கரையிலுள்ள தாரிஃபாவுக்குக் கிழக்கே சென்று காத்திருந்தோம். முதலில் ரேடார் திரையில் வளைந்த கோடுகள் தெரிந்தன. பிறகு காற்றே இல்லாத கடலில், தொலைவில் மழை பெய்வது போன்ற இரைச்சல் கேட்டது. சிற்றலைகள் உடைந்து நுரைக்கும் ஒரு பட்டை கப்பலைக் கடந்து போனது. அதன் பின்னே எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான பட்டை வந்தது. பிறகு மீண்டும் நுரை. ஒலியை அனுப்பி ஆழத்தில் உள்ளதைக் காட்டும் எதிரொலிமானியில் இரு நீர்களின் எல்லைக்கோடு செங்குத்தாகச் சரிந்து மெல்ல ஏறியது. கப்பலோ அசையவே இல்லை. மேசைமேல் இருந்த தேநீர்கூடத் தளும்பவில்லை.

செப்டம்பர் 13

காற்று. வேலை இல்லை. 1679இல் இஸ்தான்புல் அருகே போஸ்பரஸ் நீரிணையில் வெள்ளை பூசிய தக்கைகளைக் கயிற்றில் கட்டி இறக்கிய இத்தாலியர் மார்சிலியை நினைத்துக்கொண்டிருந்தேன். அடிநீர் எதிர்த்திசையில் ஓடுகிறது என்று அங்குள்ள மீனவர்கள் சொன்னதை அந்த இளைஞர் அலட்சியம் செய்யவில்லை. மேலே ஒரு பக்கம் சாய்ந்த தக்கைகள் ஆழத்தில் மறுபக்கம் திரும்புவதைக் கண்ணால் பார்த்தார், பிறகு இருவகை நீரைத் தொட்டியில் வைத்துக் காரணத்தையும் காட்டினார். அவர் தம் கயிற்றை அன்றே மேலே இழுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பொறாமை.

செப்டம்பர் 14

ஒரு முடி போதும். வளையத்தின் குறுக்கே ஒரே ஒரு தலைமுடி கிடந்தாலும் இவ்வளவு ஆழத்து அழுத்தத்தில் நீர் உள்ளே போய்விடும்.

செப்டம்பர் 15

ஒலிக்குறி அனுப்பினோம், அடியிலிருந்து பதில் வந்தது. வடம் அங்கேயே இருக்கிறது. ஆனால் பதில் தருவது வடத்தை அடியில் பிடித்து வைத்திருக்கும் கொக்கி. வெப்பமானிகள் எதையும் சொல்வதில்லை.

செப்டம்பர் 16

ஓதம் திரும்பும் அந்தச் சிறு இடைவெளியில், காலை 10.40க்கு, விடுவிக்கும் கட்டளையை அனுப்பினோம். நான்கைந்து நிமிடங்களில் தெரிய வேண்டிய மிதவைகளைப் பத்து நிமிடம் தவறான பக்கத்தில் தேடியிருக்கிறோம். அவை நமக்குப் பின்னால், மேற்கே, அமைதியாக மிதந்துகொண்டிருந்தன. மேலே ஓட்டம் நின்றதை வைத்துக் கீழேயும் நின்றிருக்கும் என்று நினைத்தது என் பிழை.

வடம் முழுவதும் மேல்தளத்தில் கிடக்கிறது. முதல் இரண்டு கருவிகளும் நலம். அடிநீரின் 13 பாகை வெப்பம் கருவிகளில் ஒவ்வோர் ஓதத்துக்கும் ஏறி வந்து திரும்பியிருக்கிறது.

மூன்றாவதன் உறையிலிருந்து இன்னும் நீர் சொட்டுகிறது. வெளிப்புறம் முழுக்கக் காயும்வரை திறக்கக் கூடாது. துணியால் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன்.