பகலில் பார்த்த வழுக்குப்பாறை

கோவைக்கு மேற்கே, ஏழு மலை ஏறிப் போகவேண்டிய வெள்ளியங்கிரிக்கு இதற்கு முன் நான்கு முறை ஏறியிருக்கிறேன். நான்கும் ராத்திரி. பத்து மணி வாக்கில் அடிவாரத்துப் பூண்டியில் கிளம்பினால், உச்சியில் விடியலைப் பார்த்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் பாதி மலை இறங்கிவிடலாம் என்பதுதான் எல்லோருடைய கணக்கும். அதனால் வழுக்குப்பாறை என்றால் எனக்குத் தெரிந்தது டார்ச் வெளிச்சம் விழுகிற ஒரு முழ வட்டமும், முன்னால் போகிறவரின் குதிகாலும்தான்.

இந்த மாசியில் பகலில் ஏற வேண்டியதாயிற்று. காரணம் என் அத்தை. பத்து வயதுக்கு மேல் ஐம்பதுக்குள் இருக்கும் பெண்கள் இந்த மலை ஏறுவதில்லை என்பது வழக்கம். அதைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அத்தைக்குக் கிடையாது. ஐம்பது முடியட்டும் என்று இருந்தார். முடிந்ததும் மாமா படுக்கையில் விழுந்தார். ஐம்பத்தெட்டில்தான் நேரம் வாய்த்தது. கண்புரை எடுத்த கண்ணுக்கு ராத்திரியில் வெளிச்சம் சிதறுகிறதாம். "பகல்லயே போலாங் கண்ணு, சாமி எங்கியும் போயிராது" என்றார்.

முந்தின நாளே கோவை காந்திபுரத்தில் பஸ் ஏறி, பூண்டியில் வெள்ளியங்கிரி ஆண்டவரையும் மனோன்மணி அம்மனையும் கும்பிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டோம். காலை ஐந்து மணிக்கு அடிவாரத்தில் வனத்துறைச் சோதனை. தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். இறங்கும்போது பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்ப வரும். ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கினோம். அத்தை செருப்பைக் கழற்றிக் கடைக்காரரிடமே விட்டுவிட்டார். நான் புது ஷூ போட்டிருந்தேன். பாறையில் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

ஏழு மலையும் சேர்ந்து ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டர் போலத்தான். கேட்பதற்குச் சின்னது. ஆனால் முதல் மலையின் கல்படிகள் ஆளைப் பிழிந்துவிடும். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று கீழே சொல்வது சம்பிரதாயப் பேச்சல்ல என்பது வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் தெரிந்துவிடும். ராத்திரி ஏறியவர்கள் எதிரே இறங்கிக்கொண்டிருந்தார்கள். "இன்னும் எவ்வளவு தூரமுங்க சாமி?" "இதோ, பக்கந்தானுங்க சாமி." இந்த மலையில் எல்லோரும் சாமி, எல்லோரும் சொல்வது ஒரே பொய். நானும் நான்கு வருடம் சொன்னவன்தான்.

இரண்டாவது மலையில் வழுக்குப்பாறை வந்தது. ஊரில் தானியம் காயப்போடுகிற பாறைக்களத்தை யாரோ ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தது போல இருந்தது. இவ்வளவு சரிவிலா இருட்டில் ஏறினோம் என்று அடிவயிறு ஒரு முறை கலங்கியது. கால் வைக்கக் கல்லில் வெட்டிவிட்டிருக்கிறார்கள். எத்தனை தலைமுறைக் கால் பட்டதோ, விளிம்பெல்லாம் பழைய அம்மி மாதிரி மழுங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் விரல் கனத்துக்குப் பொடிமண். வழுக்குவது பாறையல்ல, அந்த மண்தான். இதெல்லாம் ராத்திரியில் எங்கே தெரிகிறது?

பிடிப்பு ஷூவை நம்பி விறுவிறுவென்று ஏறினேன். நான்காவது வெட்டில் இடது கால் போயிற்று. தடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு வெட்டு கீழே சறுக்கி, முழங்கை சிராய்த்து நின்றேன். பின்னால் வந்த அத்தை பதறவில்லை. குனிந்து, புறங்கையால் வெட்டிலிருந்த மண்ணைத் தள்ளிவிட்டு, வெறுங்காலைப் பக்கவாட்டில் வைத்து ஊன்றினார். அடுத்த வெட்டிலும் அதே மாதிரி. பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே போனது, யாரோ சலித்துக்கொண்டார்கள். அவர் காதில் வாங்கவில்லை. என்னைத் தாண்டும்போது மட்டும், "கல்லு காலுக்குத் தெரியோணும் சாமி. நீ ரப்பருக்கல்ல காமிச்சுட்டு இருக்கற" என்றார். ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் கைதட்டிச் சுனை, ஒட்டன் சமாதி, பீமன் களியுருண்டை என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம். திருநீற்று மலையில் வெள்ளை மண்ணைக் கிள்ளி நெற்றியில் இட்டுக்கொண்டோம். காடு முடிந்து புல்வெளி தொடங்கியதும், காற்று ஆளைத் தள்ளுகிறது. வெயில் உறைக்கிறது, ஆனால் குளிர்கிறது.

ஆண்டிச் சுனையில் குளித்தோம். தண்ணீர் எலும்பில் குத்தியது. அத்தை மூன்று முறை முங்கிவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டிலைக் காலி செய்து சுனை நீரை நிரப்பிக்கொண்டார். அவர் வாழ்க்கைப்பட்டது ஒரத்துப்பாளையம் பக்கம். நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த அணை அங்கே இருக்கிறது. திருப்பூர்ச் சாயத்தண்ணீர் அதில் வந்து தேங்கி, கிணற்றையும் காட்டையும் உப்பாக்கிவிட்டது. அந்த நொய்யல் பிறப்பது இந்த மலைத்தொடரில்தான். "இதே தண்ணியா அங்க வருது?" என்று கேட்டார். இந்தச் சுனைதானா என்று தெரியாது, இந்த மலைத் தண்ணீர்தான் என்றேன். பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது மலையில் பேச்சில்லை. மூச்சுக்கே நேரம் சரியாக இருந்தது. உச்சியில் கோபுரம் கிடையாது. பெரும்பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து தாமாகவே ஆன கருவறை, உள்ளே சுயம்புவாக ஈசன். தென்கயிலை என்கிறார்கள். ராத்திரி வரும்போது நெரிசலில் "நகருங்க, நகருங்க" என்றே தரிசனம் முடிந்துவிடும். பதினோரு மணிக்குக் கூட்டம் கலைந்திருந்தது. அத்தை வேண்டுதல் எதுவும் சொன்ன மாதிரித் தெரியவில்லை. கைகூப்பிக்கூட நிற்கவில்லை; பாறையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். வெளியே வந்து, மேற்கே சிறுவாணி அணை நீர் மின்னுவதைக் காட்டினேன். "ம்" என்றார், அவ்வளவுதான்.

இறங்குவதுதான் கொடுமை. முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. வழுக்குப்பாறை வந்ததும் அத்தை யோசிக்கவே இல்லை. சேலையை இழுத்துச் செருகி, உட்கார்ந்து, ஒவ்வொரு வெட்டாகச் சறுக்கி இறங்கினார். பாட்டில் மடியில் இருந்தது. ஏறி வந்துகொண்டிருந்த இளவட்டம் ஒருவன், "இன்னும் எவ்வளவு தூரமுங்கம்மா?" என்று கேட்டான்.

"கெடக்குது சாமி, இன்னும் அஞ்சு மலை" என்றார் அத்தை.

சோதனைச் சாவடியில் ஸ்டிக்கரைக் கிழித்துக்கொண்டு 20 ரூபாயை நீட்டினார்கள். பாட்டில் நிறையத் தண்ணீர் இருப்பதைப் பார்த்த வனக்காப்பாளர், "குழாய் அந்தப் பக்கம் இருக்குதுங்கம்மா, கொட்டீட்டு நல்ல தண்ணி புடிச்சுக்கங்க" என்றார்.

"கொட்டறதுக்கா ஏழு மலை தூக்கீட்டு வந்தேன்?" என்று ரூபாயை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பு விட்ட கடையைத் தேடி நடந்தார்.